பூமியில் ஒரு சூரியன்: புவி வெப்பத்துக்கு மருந்தாகுமா?



கோடையில் நம் பங்கின் அன்பியக் கூட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மாலை ஏழு மணியாகியும் சுவரைத் தொட்டால் சுட்டது. விவிலியப் பகிர்வு பாதியில் இருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டது. எல்லாரும் வெளியே திண்ணைக்கு வந்தோம். பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் அங்கே நம்மிடம் கேட்டார்: "ஃபாதர், சூரியனையே பூமியில செய்யப் போறாங்களாம். அது வந்துட்டா நிலக்கரியே வேண்டாம், இந்த வெக்கையும் குறைஞ்சிடும்னு சொல்றாங்க. உண்மையா?" நாம் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த பாட்டி முந்திக்கொண்டார்: "இருக்கிற ஒரு சூரியனையே தாங்க முடியல சாமி, இன்னொண்ணு எதுக்கு?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அன்று தம்பிக்கு நம்மால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. குருமடத்தில் நாம் படித்தது இறையியல்; இயற்பியலைப் பள்ளியோடு விட்டுவிட்டோம். அதன்பின் சில மாதங்களாகப் படித்தும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

திண்டுக்கல்லில் இருந்து மேற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் தெரியும். அதன் மேல், நம் மாவட்டத்திலேயே, சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். 1899-ல் தொடங்கிய இந்த ஆய்வகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு எப்படிப் பாய்கிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே உலகெங்கும் அழைக்கப்படுகிறது.

இந்த ஆய்வகம் இங்கே வந்ததற்கு ஒரு காரணம் பசி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பருவமழை ஏன் பொய்க்கிறது, அதற்கும் சூரியனில் நடக்கும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. கடைசியில் 1893-ல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. அக்காலத்தின் மாபெரும் இயற்பியலாளர் அவர். ஆனால் சூரியன் எதனால் எரிகிறது என்பது அவருக்கே தெரியாது. சூரியன் தன் எடையால் மெல்லச் சுருங்குகிறது, அந்தச் சுருக்கத்தில் வெப்பம் பிறக்கிறது என்று அவர் நம்பினார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் சூரியனின் வயது சில கோடி ஆண்டுகளைத் தாண்டாது. உண்மையில் அதன் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள்.

சரியான விடைக்கான துப்பு ஒன்று அதற்கு முன்பே அன்றைய சென்னை மாகாணத்தில் கிடைத்திருந்தது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். குண்டூரில் இருந்து அதைப் பார்த்த பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் உள்ளிட்டவர்கள் சூரிய ஒளியைப் பிரித்து ஆராய்ந்தபோது மஞ்சள் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. அது பூமியில் அதுவரை அறியப்பட்ட எந்தப் பொருளின் கோட்டோடும் ஒத்துப்போகவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. சூரியனுக்குரிய கிரேக்கச் சொல்லைக் கொண்டு அந்தப் புதிய பொருளுக்கு ஹீலியம் என்று பெயரிட்டார்கள். சூரியன் எரிவதால் உண்டாகும் சாம்பல்தான் அந்த ஹீலியம் என்பதைப் புரிந்துகொள்ள இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதே விண்மீன்களின் ஆற்றலுக்கு ஊற்று என்று 1920-ல் எடிங்டன் கூறினார். அது எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்பதை 1930-களின் இறுதியில் ஹான்ஸ் பெத்தே விளக்கினார்.

இதற்குப் பெயர் அணுக்கரு இணைவு. நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பல படிகளில் சேர்ந்து ஒரு ஹீலியம் அணுக்கரு ஆகின்றன. சேர்ந்தபின் எடை போட்டால் சற்றுக் குறைகிறது. குறைந்த எடை ஆற்றலாகிவிடுகிறது. சூரியன் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்குகிறது. அதில் 40 லட்சம் டன் அளவு ஒளியாகவும் வெப்பமாகவும் மாறிவிடுகிறது. அந்த ஒளியில் மிகச் சிறிய துளிதான் நம் நிலக்கோட்டை மல்லிகையையும் சிறுமலை வாழையையும் வளர்க்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் நடப்பது இணைவு அல்ல, அணுக்கருப் பிளவு. யுரேனியம் போன்ற கனமான அணுக்கரு அங்கே உடைகிறது. இணைவில் மிக இலேசான அணுக்கருக்கள் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டிலும் ஆற்றல் வருகிறது, இரண்டிலும் கரும்புகை வராது. மற்றபடி வேறுபாடுகள் அதிகம்.

இலேசான அணுக்கருக்களை ஒட்ட வைப்பது கேட்பதற்கு எளிது. ஆனால் எல்லா அணுக்கருக்களும் நேர்மின் கொண்டவை. காந்தத் துண்டுகளின் ஒரே முனைகளைக் குழந்தைகள் சேர்த்துப் பார்த்து விளையாடும்போது அவை தள்ளிக்கொள்ளும் அல்லவா, அதுபோல இவையும் தள்ளிக்கொள்ளும். மிக வேகமாக மோதினால்தான் ஒட்டும். வேகம் என்றால் வெப்பம். சூரியனின் மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி வெப்பமும், நம்மால் உண்டாக்க முடியாத பேரழுத்தமும் இருக்கின்றன. அந்த அழுத்தம் பூமியில் கிடைக்காததால், வெப்பத்தைப் பத்து மடங்கு கூட்டி 15 கோடி டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அந்த வெப்பத்தில் பொருள் திடமாகவோ திரவமாகவோ வாயுவாகவோ இருப்பதில்லை. பிளாஸ்மா என்ற நான்காம் நிலையில் இருக்கிறது. அதை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? சுவரைத் தொட்டால் பிளாஸ்மா குளிர்ந்துபோகும், சுவரும் கெட்டுவிடும். ஆகவே உளுந்து வடை வடிவத்தில் ஒரு கலம் செய்து, அதைச் சுற்றி வலிமையான காந்தங்களை வைத்து, பிளாஸ்மா எந்தச் சுவரிலும் படாமல் உள்ளே சுழலும்படி செய்கிறார்கள். ரஷ்யர்கள் முதலில் அமைத்த இந்தக் கருவிக்கு டோகமாக் என்று பெயர்.

நம் நாட்டுக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. 1955-ல் ஜெனீவாவில் அணு ஆற்றலின் அமைதிப் பயன்பாடு குறித்து ஐ.நா. மாநாடு நடந்தது. அதற்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, இணைவு ஆற்றலைக் கட்டுப்பாட்டுடன் வெளிக்கொணரும் வழி அடுத்த இருபது ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்படும் என்று நம்பிக்கை தெரிவித்தார். அந்த இருபது ஆண்டுகள் மூன்று முறைக்கு மேல் கடந்துவிட்டன. அவர் அறிவில் குறைந்தவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிளாஸ்மா எவ்வளவு அடங்காதது என்பது அன்று யாருக்குமே தெரியாது. இணைவு இதோ வந்துவிடும் என்று இன்று யாராவது தேதி குறித்துச் சொன்னால், இந்தக் கதையை நினைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

குஜராத்தில் காந்திநகர் அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பிரதிமன் கவ் என்ற அறிஞரின் முன்முயற்சியில் வளர்ந்த இந்த நிறுவனத்தில் ஆதித்யா என்ற டோகமாக் 1989-ல் இயங்கத் தொடங்கியது. சூரியனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பிறகு எஸ்எஸ்டி-1 என்ற, மீக்கடத்திக் காந்தங்கள் கொண்ட கருவியில் 2013-ல் முதல் பிளாஸ்மா உண்டானது.

தம்பி குறிப்பிட்டது பெரும்பாலும் பிரான்சில் கட்டப்பட்டுவரும் இட்டர் திட்டத்தைத்தான். தெற்குப் பிரான்சின் கடராஷில் ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென்கொரியா, இந்தியா ஆகிய ஏழு உறுப்பினர்களும் சேர்ந்து இதைக் கட்டுகிறார்கள். 2005-ல் இந்தியா சேர்ந்தது. 2006 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்றோடொன்று முறைத்துக்கொண்டிருக்கும் நாடுகள், உக்ரைன் போருக்குப் பிறகும், ஒரே கூரையின்கீழ் வேலை செய்வது நமக்குச் சிறிய விஷயமாகத் தோன்றவில்லை. ஏறத்தாழ பதினோரில் ஒரு பங்கு இந்தியாவின் பொறுப்பு. அதைப் பெரும்பாலும் பணமாகக் கொடுக்காமல் பொருளாகச் செய்து கொடுக்கிறோம்.

அவற்றில் மிகப் பெரியது கிரையோஸ்டாட். உள்ளே 15 கோடி டிகிரி. சில மீட்டர் தள்ளி இருக்கும் மீக்கடத்திக் காந்தங்களோ மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். வெளிவெப்பம் அந்தக் குளிரைக் கெடுக்காமல் முழு இயந்திரத்தையும் மூடிக்கொள்ளும் பிரம்மாண்டமான பிளாஸ்க் என்று இதைச் சொல்லலாம். சுமார் 30 மீட்டர் உயரம், 30 மீட்டர் விட்டம், 3,850 டன் எடை. குஜராத்தின் ஹசீராவில் எல் அண்ட் டி நிறுவனம் பகுதி பகுதியாகச் செய்தது. கடைசிப் பகுதி 2020-ல் கப்பலேறியது. பூட்டுக்கும் இரும்புப் பெட்டகத்துக்கும் பெயர்போன ஊர்க்காரர்களான நமக்கு, உலோகத்தை இழைத்து ஒரு வாய்க்கு ஒரு மூடி அசையாமல் பொருந்தச் செய்வது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

இதற்கு எரிபொருள் ஹைட்ரஜனின் கனத்த வகைகள் இரண்டு. டியூட்டிரியம் கடல் நீரில் கிடைக்கிறது. ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 33 கிராம். ஆகவே கடல் உள்ளவரை அதற்குப் பஞ்சமில்லை. அதைப் பிரிக்கும் வித்தை நமக்குப் புதிதுமல்ல. தூத்துக்குடியில் 1978-ல் தொடங்கப்பட்ட கனநீர் ஆலையைப் பலர் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கனநீர் என்பது டியூட்டிரியம் சேர்ந்த நீர்தான். சிக்கல் இரண்டாவது வகையான டிரிட்டியத்தில். அது கதிரியக்கம் உள்ளது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்துவிடும். அதனால் இயற்கையில் சேர்ந்திருப்பதில்லை. உலகில் இப்போது கையிருப்பு சில பத்து கிலோதான். 1,000 மெகாவாட் அளவில் ஓர் இணைவு நிலையம் ஓடினால் அது ஆண்டுக்கு 50 கிலோவுக்கு மேல் கேட்கும். எனவே ஒவ்வொரு நிலையமும் லித்தியத்தில் இருந்து தனக்கான டிரிட்டியத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இதை எங்கும் முழு அளவில் இன்னும் செய்து காட்டவில்லை. செய்தித்தாள்களில் இதைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. நமக்கோ, 15 கோடி டிகிரியைவிட இதுதான் கடினமான முடிச்சோ என்று தோன்றுகிறது.

2022 டிசம்பரில் பெரிய செய்தி ஒன்று வந்தது. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் லேசர் கதிர்களால் ஒரு சிறு எரிபொருள் உருண்டையை அழுத்தினார்கள். உள்ளே போன ஆற்றல் 2.05 மெகாஜூல், இணைவில் வந்த ஆற்றல் 3.15 மெகாஜூல். போட்டதைவிட அதிகம் வந்தது அதுவே முதல் முறை. மகிழ வேண்டிய வெற்றிதான். ஆனால் அந்த லேசரை உண்டாக்க மின்கம்பியில் இருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். கிணற்றுக்குள் இறங்கிய வாளியின் கணக்கு ஒன்று, கிணற்றை வெட்டிய செலவு வேறு. இங்கிலாந்தில் ஜெட் என்ற டோகமாக் 2023-ல் தன் கடைசி ஓட்டங்களில் ஐந்து வினாடிகளில் 69 மெகாஜூல் தந்துவிட்டு, நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பின் ஓய்வு பெற்றது. அந்த ஆற்றலைக் கொண்டு ஓர் ஒன்றரை டன் ஏசியைச் சுமார் அரை நாள் ஓட்டலாம். 2025-ல் சீனாவின் ஈஸ்ட் கருவியும் பிரான்சின் வெஸ்ட் கருவியும் பிளாஸ்மாவை ஆயிரம் வினாடிகளுக்கு மேல் தாக்குப்பிடிக்க வைத்தன. ஆக, முன்னேற்றம் உண்மையானது.

இட்டரின் இலக்கு, 50 மெகாவாட் வெப்பம் கொடுத்து 500 மெகாவாட் இணைவு ஆற்றல் எடுப்பது. ஆனால் அதிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம்கூட வராது. அது ஆய்வுக்கான கருவி மட்டுமே. 2024-ல் வெளியிட்ட புதிய கால அட்டவணைப்படி, அதில் ஆய்வுகள் 2034-ல் தொடங்கும். டியூட்டிரியத்தையும் டிரிட்டியத்தையும் சேர்த்து எரிப்பது 2039-ல். அது வெற்றி பெற்றபின் மின்சாரம் தரும் மாதிரி நிலையம், அதற்குப் பின்தான் விற்பனைக்கு நிலையங்கள். 2030-களின் தொடக்கத்திலேயே மின்சாரம் தருவோம் என்று அமெரிக்கத் தனியார் நிறுவனங்கள் சில சொல்கின்றன. தந்தால் முதலில் மகிழ்பவர்களில் நாமும் இருப்போம்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். 2024 இதுவரை பதிவான ஆண்டுகளிலேயே வெப்பமானது. தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 1.5 டிகிரிக்குச் சற்று மேலே சென்ற முதல் ஆண்டும் அதுவே. காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று, வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் வானிலேயே தங்கும். நாளைக்கே எல்லாப் புகையையும் நிறுத்தினாலும் வெப்பம் மேலும் ஏறாமல் ஏறக்குறைய நிற்குமே தவிர, உடனே இறங்காது. "வெக்கை குறையும்" என்ற நம்பிக்கைக்கு இதுதான் பதில். இன்று எரிக்கும் ஒவ்வொரு வண்டி நிலக்கரியும் நம் பேரப்பிள்ளைகளின் கணக்கில் சேர்கிறது. இந்தியாவின் மின் உற்பத்தியில் நிலக்கரி இன்னும் ஏறத்தாழ முக்கால் பங்கு. மேலும் மின்சாரம் மட்டும் காரணமல்ல. லாரி, சிமெண்ட், உரம், காடழிப்பு எல்லாம் உண்டு.

வெப்பத்தை ஓரளவு கட்டுக்குள் நிறுத்த வேண்டிய காலம் இன்றிலிருந்து 2050 வரை. இணைவு மின்சாரம் பேரளவில் வரக்கூடிய காலமோ, எல்லாம் நல்லபடி நடந்தால், அதற்குப் பிறகு. 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்குவதாக 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்தது. அந்தக் கடைசிப் பத்து, இருபது ஆண்டுகளில் இணைவு கைகொடுக்கலாம். ஆகவே தம்பிக்கு நம் பதில் இது: இணைவு ஆற்றல் உண்மை, அதற்காக உழைப்பது வீணல்ல. ஆனால் வீடு பற்றி எரியும்போது, இன்னும் தோண்டாத கிணற்றை நம்பிக் கையில் இருக்கும் குடத்துத் தண்ணீரைக் கீழே வைக்கக் கூடாது.

தொழில்நுட்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக் காலம் கடத்துவதன் ஆபத்தை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2023 அக்டோபரில் வெளியிட்ட 'லௌதாத்தே தேயும்' மடலில் கடுமையாகவே எச்சரித்தார். அதே திருத்தந்தைதான் 2015-ல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில், புதைபடிவ எரிபொருள்களைத் தாமதமின்றிப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். விஞ்ஞானத்தின் மேல் அவருக்குப் பகை இல்லை, சாக்குப்போக்கின் மேல்தான்.

ஆபத்து பற்றியும் ஒரு வார்த்தை. கூடங்குளம் உலைக்கு எதிராக 2011, 2012-ல் இடிந்தகரை லூர்து அன்னை ஆலய வளாகத்தில் நம் மீனவ மக்கள் அமர்ந்திருந்ததை மறக்க முடியாது. இணைவு உலையில் புகுஷிமா போன்ற உருகல் நடக்காது; ஏதாவது கோளாறு நேர்ந்தால் பிளாஸ்மா தானாக அணைந்துவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காக்க வேண்டிய எரிந்த எரிபொருளும் இல்லை. ஆனால் நியூட்ரான்கள் தாக்கிக் கலத்தின் உலோகம் கதிரியக்கம் பெறும். அதைப் பல பத்தாண்டுகள் பாதுகாக்க வேண்டும். டிரிட்டியம் நீரோடு எளிதில் கலக்கும். எனவே எங்கே வைக்கிறீர்கள், யாரைக் கேட்டீர்கள் என்ற இடிந்தகரையின் கேள்விகள் அந்த உலைக்கும் பொருந்தும்.

கையில் இருக்கும் குடம் எது? 15 கோடி கிலோமீட்டர் தொலைவில், நம் செலவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் இணைவு உலைதான். 2012-ல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷிப்ட் ரத்தானால் அவர்களுக்குக் கூலியும் ரத்து. தமிழக நூற்பாலைகள் பல சொந்தமாகக் காற்றாலை வைத்துக்கொண்டது இப்படிப்பட்ட அனுபவங்களால்தான். சூரியன் நிலத்தைச் சூடாக்குவதால்தான் காற்றும் வீசுகிறது. ஆக, முப்பந்தலில் சுழல்வதும் சூரியனே. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. 2010-க்கும் 2023-க்கும் இடையே சூரிய மின்சாரத்தின் உற்பத்திச் செலவு உலக அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிட்டது. 2025-ல் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் அல்லாதவற்றிலிருந்து என்ற நிலை வந்தது.

ஆனாலும் நிலக்கரி முக்கால் பங்கு ஏன் என்று கேட்கலாம். சூரியன் மாலை ஆறரைக்கு மறைகிறது. நம் வீடுகளில் விளக்கும் விசிறியும் அதற்குப் பிறகுதான் போட்டிபோட்டு ஓடுகின்றன. பகல் மின்சாரத்தைச் சேமித்து வைக்க வேண்டும். ஆனைமலைப் பகுதியில் உள்ள கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று, மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறது. அதுபோன்றவையும் மின்கலங்களும் இன்னும் நிறைய வேண்டும். 15 கோடி டிகிரியோடு ஒப்பிட்டால் இது தீர்க்கக்கூடிய சிக்கல்.

வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைக்க 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் நம் வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். ஆனால் மொட்டை மாடி இருப்பவருக்குத்தான் அது. கூட்டத்தில் நம்மைச் சிரிக்க வைத்த பாட்டி இருப்பது வாடகைக்கு, ஓட்டு வீட்டில். அதிக வெக்கையைத் தாங்குபவரும் அவரே, மிகக் குறைவாகப் புகை விட்டவரும் அவரே. பல வீடுகள் சேர்ந்து ஒரு கூரையைப் பயன்படுத்த வழி உண்டா, பங்கின் சமூகக் கூடத்து மாடியில் வைத்தால் எத்தனை யூனிட் வரும் என்று தம்பி விசாரித்துக்கொண்டிருக்கிறார். வரும் ஞாயிறு மாலைத் திருப்பலிக்குப் பின் அதைப் பற்றிப் பேசுகிறோம். மின்சாரம் இருந்தால் கூடத்தின் உள்ளே, இல்லையென்றால் திண்ணையில்.